பூரானைக் காப்பாற்றியவள்

பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அது தினமும் எரிந்தது. உள்ளே எக்ஸ்ரே எடுப்பவள் காதில் ஹெட்செட்டும் கையில் போனுமாகத் துப்பாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

அணிக்கு ஐந்து பேர். எதிரணி குண்டு வைக்க வரும், இவர்கள் கிடங்கைக் காக்க வேண்டும். ஒவ்வொருவராக வந்தால் யார் வேண்டுமானாலும் சமாளிக்கலாம். ஐந்து பேரும் திமுதிமுவென்று ஒரே வாசலில் பாயும்போதுதான் உதறல் எடுக்கும். அந்தப் பாய்ச்சலைத் தடுப்பதில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் மற்ற நாலு பேருக்கும் இவள் கேப்டன்.

யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பூரான், மொட்டை என்று பட்டப்பெயர்கள்தான். ஆனாலும் ஆறு மாதத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். மாமியார் முறைப்பது முதல் குழாய் ஒழுகுவது வரை இவள் ஒன்று விடாமல் அவர்களிடம் ஒப்பித்துவிடுவாள். வீட்டில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க யாருக்கு நேரமிருக்கிறது?

இன்று அவளுக்கு ஏகக் கொண்டாட்டம். விலைக்கு வந்த ஏதோ ஒரு மனையைப் பார்க்க வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். நடுவில் போன் போட்டு உயிரை வாங்க ஆளில்லை. இன்றைக்கு விடாமல் மூன்று ஆட்டம் ஆடியே தீர வேண்டும் என்று பூரான் நேற்றே பிடிவாதம் பிடித்திருந்தான்.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் பூரானின் உருவம் சுவரைப் பார்த்தபடி மரம் மாதிரி நின்றுவிட்டது.

"பூரான், தூங்கிட்டியா? அஞ்சு பேரும் உன் பக்கம்தான் வர்றாங்க."

கிசுகிசுப்பாகப் பதில் வந்தது. "கேப்டன், இங்க நிஜமாவே வர்றாங்க. நாலு பேர். கீழ ஒவ்வொரு ரூமா நுழைஞ்சு பாக்கறாங்க. நான் மாடில தனியா மாட்டிக்கிட்டேன்."

"அட்ரஸ் சொல்லு, போலீசுக்குப் போன் பண்றேன்."

"அவங்க வர்றதுக்குள்ள என் கதை முடிஞ்சிடும். பின்னாடி பால்கனி இருக்கு, ஆனா தாழ்ப்பாள் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. திறக்க ரெண்டு நிமிஷமாவது ஆகும். கையில கிடைச்சா கொன்னுடுவாங்க கேப்டன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயத்தோடு பயமாக ஒரு குஷியும் கிளம்பியது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

"சரி, அந்த ரெண்டு நிமிஷத்துக்கு அவங்கள நிறுத்தி வெச்சா போதும். எட்டிப் பாக்காத. கூட்டமா வர்றவங்க எதிர்ல போய் நின்னா தொலைஞ்ச. படி அகலமா, குறுகலா?"

"குறுகல். ஒரு ஆள்தான் ஏற முடியும்."

"பிழைச்ச போ. ஷாம்பூ இருக்கா?"

"இருங்க, தேடறேன். இருக்கு, பெரிய பாட்டில்."

"மேல் மூணு படியில முழுசா ஊத்து. பவுடர்?"

"ரெண்டு டப்பா."

"அதான் நம்ம புகைகுண்டு. முதல் ஆளப் பாத்ததும் பதறிப்போய்க் கொட்டிடாத. நாலு பேரும் படியில நெருக்கியடிச்சு ஏறட்டும், அப்புறம் மொத்தமா கொட்டு. கண்ணு தெரியாம ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க."

"கடைசியா நிக்கற ஆள் கையில நீளமா என்னவோ இருக்கு கேப்டன்."

"எல்லாரையும் விட அந்த ஆள்தான் ஆபத்து. பெரிய ஆயுதத்த எப்பவும் பின்னாலதான் கொண்டு வருவாங்க. ஒரு பக்கெட் தண்ணிய அந்த ஆளுக்குன்னே தனியா எடுத்து வை. ஊத்திட்டு, சண்டை போட நிக்காம தாழ்ப்பாளப் பாரு."

"ஏறிட்டாங்க" என்றான் பூரான். போன் அவன் சட்டைப்பைக்குள் போயிற்று.

அதன்பின் கேட்டதெல்லாம் ஒரே கரகரப்பு. தடதடவென்று ஏதோ உருண்டது. பலர் ஒன்றாக அலறினார்கள். தண்ணீர் கொட்டியது. ஆட்டத்தில் எதிரணி சாவகாசமாகக் குண்டு வைத்து வெடிக்கச் செய்துவிட்டுப் போனது. அணியில் ஒருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

"கேப்டன்." பூரானுக்கு மூச்சிரைத்தது. "தெருவுக்கு வந்துட்டேன். உடம்புல ஒரு கீறல் இல்ல. உங்கள சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மற்றவர்கள் போட்ட கூச்சலில் அவள் காது அடைத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து போனும் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. ஈயக் கவசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே இரண்டு சுற்று ஆடினாள். வாசலில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவரை உள்ளே அழைத்து, "ஒண்ணும் பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். இரண்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டிய இடத்தில் இன்று அவருக்கு நாலு எக்ஸ்ரே விழுந்தது.

மாலையில் படு உற்சாகமாக வீட்டுக்கு நடந்தாள். போனைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கணவன் தினமும் குத்திக்காட்டுவான். இன்று அவன் வாயை அடைத்துவிடலாம். முகம் தெரியாத ஒருவனை, நாலு தடியர்களிடமிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காப்பாற்றியிருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து படியேறினாள்.

தலை முதல் கால் வரை பவுடராக நின்றிருந்த கணவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் தம்பிகள் இருவரையும், சொட்டச் சொட்ட நனைந்தும் கையிலிருந்த குடையை விடாத தன் அம்மாவையும் காட்டி, "திருடன் ஒத்த ஆளுதான், ஆனா அவனுக்கு யாரோ ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றான்.