வீட்டிலிருந்து ஒரு காகிதம்

அம்மா கைப்பையிலிருந்து எடுத்தது லைட் பில் இல்லை.

காலையில் நானே தேடி எடுத்து அவள் கையில் பில்லைக் கொடுத்திருந்தேன். நாலே வரிதான், சுலபமாக வாசித்துவிடலாம் என்று சொல்லியும் வைத்திருந்தேன். சரி சரி என்று தலையாட்டியவள் இப்போது வேறொரு தாளை விரித்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

தாளின் மேல் பச்சை நிறத்தில் ஆஸ்பத்திரியின் பெயர். கடைசி பெஞ்சிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் போபோடியில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்லூரி. அங்கே பெரியவர்களுக்காகச் சாயங்காலத்தில் நடக்கிற ஆங்கில வகுப்பு இது. ஃபீஸ் கிடையாது, பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சொந்த ஊர் கோபியில் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மா கனகவல்லி, ஐம்பத்தெட்டு வயதில், போன ஜூன் மாதம் வந்து சேர்ந்தாள்.

எதற்கு இந்த வயதில் இந்தப் பாடு, படித்துச் சொல்ல நான்தான் இருக்கிறேனே என்றேன்.

ஆறே மாதத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியின் ஆங்கில நோட்டீஸ் போர்டில் தண்ணீர் வராத நாளை எனக்கு முன்னால் அவளே படித்துச் சொன்னாள். பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கமும் போனது.

இன்று கடைசி வகுப்பு. அதற்கென்று டீச்சர் சுஷ்மா மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். இத்தனை நாள் அடுத்தவரைப் படித்துச் சொல்லச் சொன்ன காகிதம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதை வீட்டார் முன்னால் தானே வாசிக்க வேண்டும். தையல்காரர் முகமது ரஃபீக் தன் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்து முடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைதட்டினோம்.

அடுத்தது அம்மா. அவள் கையில் இருந்தது அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி. பரணில் பழைய சூட்கேஸுக்குள் நான் ஒளித்து வைத்த தாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அப்பா மூளையில் ரத்தக்கசிவு வந்து ஐசியூவில் கிடந்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். முழுக்க ஆங்கிலம். உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எழுந்து நடப்பாரா, உங்களை அடையாளம் தெரியுமா என்று சொல்ல முடியாது என்றார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கண்ணு சொல்றாரு?" என்று கேட்டாள்.

இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லையாம், வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார் என்றேன்.

அவள் மனசு தாங்காது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. எனக்குப் பயம். அப்பாவைப் படுத்த படுக்கையாக வருடக்கணக்கில் வைத்துப் பார்க்க என்னால் ஆகாது என்று நினைத்தேன். நினைத்த பத்தாவது நிமிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா வீட்டிலேயே இறந்துபோனார். டாக்டரே கைவிரித்துவிட்டார், நாம் என்ன செய்ய முடியும் என்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடந்தது அந்தத் தாளின் கீழ்ப்பகுதியில் ஒரே வரியாக இருக்கிறது. ஆபரேஷன் செய்யச் சொன்னோம், நோயாளியின் மகன் நிர்மல் சம்மதிக்கவில்லை.

அம்மா வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை வைத்து வாசித்தாள். பாலசுப்ரமணியன். வயது அறுபத்து நான்கு. சேர்த்த தேதி. ஹெமரேஜ் என்ற சொல் இரண்டு தடவை நாக்கில் சிக்கியது, மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார். ஸ்கேனில் தெரிந்தது என்ன, பிரஷர் எவ்வளவு, எதையும் விடவில்லை. மருந்துகளின் பெயர்களைக்கூட எழுத்துக் கூட்டி முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன்.

இன்னும் இரண்டு வரி. இன்னும் ஒரு வரி.

விரல் அங்கே வந்து நின்றது.

பிறகு ஒரு வரி கீழே இறங்கியது. கொஞ்சமும் தடுமாறாமல் அடுத்ததை வாசித்தாள். டிஸ்சார்ஜ் ஆன தேதி, நேரம், டாக்டரின் பெயர்.

எல்லோரும் கைதட்டினார்கள். தாளைப் பார்த்திராத மேடத்துக்கு எதுவும் தெரியவில்லை. வெரி குட் என்று அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வாசிக்க வராமல் விட்ட வரி இல்லை அது. படித்து, புரிந்துகொண்டு, எத்தனை மாதமாகவோ மனசுக்குள் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்து, "எதையாச்சும் உட்டுட்டனா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

இல்லையம்மா, எல்லாம் சரியாகத்தான் படித்தாய் என்றேன்.

அம்மா தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். வைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுக்க எழுந்து போனாள்.