தகரக் கூரையில் பருந்து

கறிக்கடைக்காரர் ஈரலைப் பொடியாக நறுக்கி, மதிய வெயிலில் தகிக்கும் தகரக் கூரையின் விளிம்புக்கு நீட்டுகிறார். நகம் கிறீச்சிட, பருந்து வந்து உட்காருகிறது. "ஏன்டா ராசா இவ்வளவு நேரம்? கரண்டு கம்பில மாட்டிக்கிட்டியோன்னு பயந்துட்டேன்." குரல் வெண்ணெயாய் உருகுகிறது. பின்னால் டிபன் கேரியரோடு நிற்கும் மனைவிக்கு வயிறு எரிகிறது. இன்று அவளும்தான் தாமதம். பஸ் வராமல் அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். "நானும் வந்துட்டேன்" என்கிறாள். "அங்க வை" என்கிறார், திரும்பாமல். பறந்து தொலையட்டும் என்று கேரியரைத் தராசுத் தட்டில் ணங்கென்று வைக்கிறாள். பருந்து பறக்கவில்லை. கழுத்தை மட்டும் சாய்த்து, கேட்காமல் உள்ளே வந்துவிட்ட யாரையோ பார்ப்பதுபோல அவளைப் பார்க்கிறது. அவர் அதனிடம் மெல்லச் சொல்கிறார்: "பயப்படாதடா, நம்ம ஆளுதான்."