ஜாடிக்குள் ஒரு துரோகம்

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவள் அடுக்களைக் கதவைச் சாத்தினாள். கணவரின் சாப்பாட்டுக்கென்றே இருந்த பீங்கான் ஜாடியைத் திறந்தாள். கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, உள்ளே இருந்ததை ஜாடியில் சரித்தாள்.

அவசரத்தில் மேடையில் கொஞ்சம் சிந்திவிட்டது. பரபரவென்று துடைத்தாள். காலிப் பாக்கெட்டை மடித்து, குப்பைக் கூடையில் வெங்காயச் சருகுக்கு அடியில் புதைத்தாள்.

விஷமில்லை. விஷமாக இருந்தால்கூட அவர் மன்னித்துவிடுவார். அது கடையில் விற்கும் சூரியகாந்தி எண்ணெய்.

அவர் ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலையில் நெய்க்கு மோப்பம் பார்ப்பவர். காய்ச்சிய ஒவ்வொரு அண்டா நெய்யும் டின்னுக்குள் போகுமுன் அவர் மூக்கைத் தாண்ட வேண்டும். தலையாட்டினால் டின், உதட்டைப் பிதுக்கினால் சாக்கடை. அங்கே எல்லோருக்கும் அவர் 'மூக்கர்'தான். மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்டில் எந்த எண்ணெய் காய்கிறது என்று சொல்லிவிடக்கூடிய மனுஷன்.

அவர் வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. வதக்கவும் பொரிக்கவும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மேலே விட நெய், ரொட்டிக்கு வெண்ணெய். பாக்கெட் எண்ணெய் வாசற்படி ஏறக் கூடாது.

"வெளுத்து, வாசனையை எடுத்து விக்கறான்னா, எதையோ மறைக்கறான்னு அர்த்தம்" என்பார். அவளுக்கும் அதில் மாற்றுக் கருத்து கிடையாது. செக்கு எண்ணெயில் ஒரு முட்டை பொரித்தாலே அதன் ருசி தனி.

வினை அவள் வேலை பார்த்த மருந்துக்கடையில் முளைத்தது. நேரத்தை மாற்றினார்கள். அவள் அங்கிருந்து கிளம்பி வருவதற்குள் செக்குக்காரர் ஷட்டரை இறக்கிவிடுவார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தெருமுனைக் கடையில் பாக்கெட் வாங்கினாள். அன்று உருளைக்கிழங்கு வறுவலைத் தட்டில் வைத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதியைப் போல நின்றாள்.

அவர் ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார்.

"புது எண்ணெயா? வாசனை ஆளைத் தூக்குதே."

திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பாராட்டிவிட்டார், அதனால் தொடர்ந்தது. இப்போது அந்த ஜாடியில் தேங்காய் எண்ணெய் பேருக்குக்கூட இல்லை. அவரோ தினமும் தட்டைத் தொட்டதுமே வாசனையைப் புகழ ஆரம்பித்துவிடுவார். கல்யாணமான புதிதில்கூட அவர் வாயிலிருந்து இத்தனை புகழ்ச்சி வந்ததில்லை. ஒவ்வொன்றும் அவளுக்கு ஊசியாகக் குத்தியது.

போதாக்குறைக்குப் போன வாரம் ஒரு கூத்து. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள் அங்கேயே பேச்சில் நின்றுவிட்டாள். அடிப்பிடித்த நாற்றம் படியெல்லாம் இறங்கி, எதிர்வீட்டு அக்கா ஓடிவந்துதான் அடுப்பை அணைத்தாள். வீட்டைக் கொளுத்திவிட்டு இன்சூரன்ஸ் வாங்கப் போகிறாயா என்று அவளை ஒரு பிடி பிடித்தாள்.

அவர் அடுக்களையை ஒட்டிய நாற்காலியில் பேப்பரில் மூழ்கிப்போயிருந்தார். கரிந்த பாத்திரத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

குளித்துவிட்டு வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் முட்டையைப் பொரித்து வைத்தாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து எல்லா நெய்க்கும் நான் ஒருத்தன்தான்" என்றார். "கூட மோந்து பாக்கற ரெண்டு பேரையும் வேற எடத்துக்கு மாத்தறாங்களாம். நான் சொன்னா அதுதான் கடைசி. மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்."

பெரிய கௌரவம். ஆனால் சொன்னவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஊரே நம்புகிற மூக்கு. சொந்த வீட்டில் அதை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு இது வெளியே தெரிந்தால் தொழிற்சாலையில் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

அவர் தட்டை முகத்தருகே தூக்கி ஆழமாக மூச்சிழுத்தார்.

"இந்த வாசனைக்கே இன்னும் ரெண்டு முட்டை உள்ள போகும்."

அவ்வளவுதான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடையில் மாறிய நேரம், செக்குக்காரர் ஷட்டர், தெருமுனைக் கடை, கைப்பைக்குள் ஒளித்த பாக்கெட் என்று ஒன்று விடாமல் கொட்டினாள். இதே முட்டைகூட அந்த எண்ணெயில்தான் பொரித்தது என்றாள்.

"உங்க மூக்கையே ஏமாத்திட்டேங்க. வாய்க்கு வந்தபடி திட்டுங்க, வாங்கிக்கறேன்."

அவர் திட்டவில்லை. எழுந்து போய் வாசற்கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து அவள் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார். தட்டில் மிச்சமிருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவர், எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நாளா எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லம்மா."