சந்தா வீடு

பிரியதர்ஷினி தரையில் உட்கார்ந்து மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கண்ணு?” என்றார் அப்பா இராஜமாணிக்கம்.

“இந்த கேம்ல நான் ஒரு வீடு கட்டியிருக்கேன்ப்பா. கம்பெனிக்காரன் இன்னைக்கோட கேமையே மூடறான். வீடும் போயிடும்.”

“மாசாமாசம் சந்தா கட்டுனியே?”

“கட்டற வரைக்கும் விளையாடலாம். எதுவும் நமக்குச் சொந்தமில்ல.”

“சொந்தமில்லேன்னு தெரிஞ்சும் இவ்வளவு பாடுபட்டு எதுக்குக் கட்டுனே? புத்தி வேண்டாமா?”

அவள் மொபைலைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. சாவி வாங்க வந்த ஆபீஸ் ஊழியர், டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் காலியான அறைகளைச் சுற்றிப் பார்த்தார். சமையலறையில் இராஜமாணிக்கம் ஆசையாகப் பதித்திருந்த பச்சை டைல்ஸைத் தடவிவிட்டு இந்தியில் கேட்டார்.

“ரிடையரானா காலி பண்ற சர்க்கார் வீட்டுக்கு எதுக்கு சாப் இவ்வளவு செலவு?”

இராஜமாணிக்கம் சாவியைக் கொடுத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உன் வீட்டைக் காட்டு கண்ணு.”

அவள் மொபைலை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இதே குவார்ட்டர்ஸின் பால்கனி தெரிந்தது. உள்ளே, சமையலறைச் சுவரில் பச்சை டைல்ஸ்.