பார்த்து வரைந்த படம்

"மத்தியானத்துக்குக் கடை மூடியாச்சும்மா. படம் வாங்குற ஆளும் நான் இல்ல."

சவரக் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து நின்ற கால்கள் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன. வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் பழந்துணி சுற்றிய சட்டம். இப்படி எதையாவது சுற்றி எடுத்து வருகிறவர்கள் அதை நம் தலையில் கட்டாமல் நகர மாட்டார்கள் என்பது அவர் அனுபவம்.

"விக்க வரல பெரியவரே. உங்க தொழில்ல ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடுறேன்."

அவளே துணியைப் பிரித்தாள். நிறம் மங்கிய ஓவியம். ஒரு தொழிலாளி வாடிக்கையாளருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வாடிக்கையாளரின் தலை பின்னால் சாய்ந்து, கண்கள் மூடியிருந்தன. மார்பு வரைக்கும்தான் படம்.

"கண்ணை மூடிட்டு இருக்காரே, அவர் எங்கப்பா. புருவத்துத் தழும்புகூட அப்படியே இருக்கு. பழைய சாமான் கடையில கிடைச்சுது."

"சந்தோஷம். கொண்டுபோய் மாட்டி வை."

"மாட்டவா! எனக்கு அப்ப ஆறு வயசு. சாயந்திரம் வந்துடுறேன்னு போனவர் வரவே இல்ல. படத்துக்குப் பின்னாடி தேதி போட்டிருக்கு பாருங்க. அவர் போன மூணாம் நாள்."

அவர் பார்க்கவில்லை. தேதி யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"இது நேர்ல பார்த்து வரைஞ்சதா, சும்மா மனசால வரைஞ்சதான்னு சொல்லுங்க. பார்த்து வரைஞ்சதுன்னா, எங்களைப் பட்டினி போட்டுட்டு இந்த மனுஷன் மூணாம் நாளே சொகுசா சாஞ்சுக்கிட்டு சவரம் பண்ணிக்கிட்டிருந்திருக்கார். எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்துக்கிட்டு, 'அவர் விட்டுட்டுப் போற ஆள் இல்லடி'ன்னு இன்னமும் சொல்றா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இன்னிக்கு இதைக் காட்டி அவ வாயை அடைச்சுடப் போறேன்."

பதில் சொல்லாவிட்டால் போக மாட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்திலிருந்த கத்தியைப் பார்த்தார். பிடி சரிதான். தெரியாதவன் வரைந்தால் பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்க வைத்திருப்பான். பிறகு சவரம் செய்கிறவரின் இடது கையைப் பார்த்தார். எழுந்து, படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே திரும்பி வந்தார்.

"பார்த்துத்தான் வரைஞ்சிருக்கான். சந்தேகமே இல்ல."

"நினைச்சேன்." அவள் கசப்பாகச் சிரித்தாள். "மினுக்கிக்கிட்டு எவ வீட்டுக்குக் கிளம்பினாரோ!"

"உட்காரும்மா."

"எதுக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே."

"உட்காருன்னா உட்காரு. உங்கம்மா சொன்னதுதான் சரி. போனதும் முதல்ல அதைச் சொல்லு."

அவள் புரியாமல் விழித்தாள். அவர் படத்திலிருந்த இடது கையை விரலால் தொட்டுக் காட்டினார். அது கன்னத்தை இழுத்துப் பிடிக்கவில்லை. தாடையைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கிறவன் வாயை அவனே மூடிக்குவான்மா. பொணத்துக்குத்தான் நாங்க பிடிச்சுக்கணும்."