ஒன்பதாவது திருத்தம்

“இதுவும் சரிப்படலை. மன்னிச்சிடுங்க” என்று ஒன்பதாவது முறையாக எழுதியிருந்தாள் பிரபாவதி. சாதிக் அலி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

“இன்னிக்கும் அந்தம்மா வேணாம்னுட்டாங்களா?” அடுப்படியிலிருந்தே கேட்டாள் அவன் மனைவி முனவரா.

உடனே ஏடாகூடமாக எதையும் நினைத்துவிடாதீர்கள். அவன் அனுப்பியது காதல் கடிதம் இல்லை. ஒரு மென்பொருளில் செய்த பன்னிரண்டு வரித் திருத்தம். மதிவாணனின் சின்னக் கம்பெனியில் யார் எதைத் திருத்தினாலும், பிரபாவதி தன் கணினியில் ஓட்டிப் பார்த்துச் ‘சரி’ என்று சொன்னால்தான் அது மென்பொருளில் ஏறும். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து இவன் எழுதி அனுப்புவான். நிலக்கரிச் சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து அவள் திருப்பி அனுப்புவாள்.

கோளாறு சின்னதுதான். நாம் ஆளைப் பெயர் சொல்லித் தேடினாலும், பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் தெரிந்தால்தானே வீடு போய்ச் சேர முடியும்? கணினியும் அப்படித்தான். பெயரைக் கொடுத்தால், அதற்குரிய எண் முகவரியை விசாரித்துக்கொண்டு போகும்.

பண்ருட்டிப் பக்கத்துக் குளிர்கிடங்கு ஒன்றின் சர்வர் போன மாதம் புது முகவரிக்கு மாறிவிட்டது. கிடங்கின் குளிரைக் கண்காணிக்கும் இவர்கள் மென்பொருளோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முகவரியைப் புதிதாக விசாரித்துக்கொண்டு போகும்படி சாதிக் அலி மாற்றி எழுதினான். அவன் கணினியில் ஜோராக ஓடியது. பிரபாவதி கணினியில் மட்டும் பழைய முகவரிக்கே போய் நின்றது.

கிடங்குக்காரர் கொடுத்த கெடு இன்று மாலை ஆறு மணி. முடித்துக் கொடுத்தால் சாதிக் அலியைப் பெர்மனென்ட் ஆக்குவதாக மதிவாணன் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் கான்ட்ராக்ட்டும் அதோடு சரி. அவனுடைய அத்தா ஆயுசு முழுக்கக் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்து கண்ணை மூடியவர். தனக்காவது பெர்மனென்ட் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தான் பாவம்.

“நன்றி கெட்ட பொம்பளை!” என்று பொரிந்தாள் முனவரா. “போன வருசம் அவங்க கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிக்கினு கெடந்தப்ப நீங்கதான ஓடுனீங்க? அஞ்சே நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்துட்டு, ஒரு தட்டு பலாச்சுளை தின்னுட்டு வந்தீங்களே!”

“அத இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது? மணி அஞ்சு. அவங்க வூட்டுக்கே போயி கால்ல வுழுந்துடறேன்.” வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கதவைத் திறந்த பிரபாவதியின் முகமும் வாடித்தான் இருந்தது. “நான் வேணும்னேவா செய்றேன் சாதிக் சார்? நீங்களே உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தான். ஓட்டினான். பழைய முகவரி. பத்தாவது முறையாக மாற்றி எழுதினான். பழைய முகவரி. பதினோராவது முறையும் அதேதான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“எங்கிட்ட ஓடுது மேடம். சும்மா ஒரு ‘சரி’ போட்டுடுங்களேன்.”

“ஓடாததை எப்படி சார் சரின்னு சொல்றது? நாளைக்குக் கிடங்குல சரக்கு கெட்டுப்போனா யார் பதில் சொல்றது?”

அவள் கேட்டது நியாயம்தான். மறுபடியும் கணினிப் பக்கம் திரும்பினான்.

ஆறு பத்துக்கு மதிவாணன் போன் செய்தார். “சாதிக், கிடங்குக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிட்டாங்கப்பா. என் கையில ஒண்ணும் இல்ல. நாளைலேர்ந்து நீ லாகின் பண்ண வேணாம்.”

சாதிக் அலி போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் எப்போதோ வைத்துவிட்டார்கள்.

பிரபாவதிக்கு மனசு கேட்கவில்லை. அவன் எழுந்துவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கணினிக்குள் எதையெதையோ திறந்து பார்த்தாள். திடீரென்று, “அடக் கடவுளே!” என்றாள்.

“என்ன மேடம்?”

“வெளிய விசாரிக்கறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் தனக்குள்ள ஒரு முகவரிப் பட்டியலைப் பாக்கும் இல்ல? என்னோடதுல யாரோ கையால ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க. கிடங்கு சர்வர் பேரு, பக்கத்துலயே பழைய முகவரி. நீங்க என்ன மாத்தினாலும் இது அங்கயே இழுத்துக்கிட்டுப் போயிருக்கு.”

அந்த வரியை அழித்துவிட்டு, அவன் முதன்முதலில் அனுப்பிய திருத்தத்தை ஓட்டினாள். நேராகப் புது முகவரிக்குப் போனது.

சாதிக் அலி கொதித்துப்போனான். “எந்தப் பாவி செஞ்ச வேல இது? அவன் வெளங்குவானா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டானே! ஆரு மேடம் அவன்? சொல்லுங்க, சும்மா வுடமாட்டேன்!”

அழித்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு மிச்சமிருந்தது. பிரபாவதி அதை ஒரு முறை மனசுக்குள் படித்தாள். அவனைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே வாய்விட்டுப் படித்தாள்.

“‘இது இப்போதைக்கு மட்டும். நாளைக்கு வந்து எடுத்துடறேன். இப்படிக்கு, சாதிக் அலி.’”