நார்வேக்காரர் வீட்டுப் பேய்

அண்ணாமலையார் மேல சத்தியம்! இதுல ஒரு சொல் பொய்யா இருந்தா என் நாக்கு அழுகட்டும். சூடத்தை ஏத்துங்க, அடிச்சே அணைக்கிறேன்.

தருமனுக்கு மூணு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவன் காவல் காக்கிற வீட்டின் சொந்தக்காரி நார்வேயிலிருந்து வருகிறாளாம். வாட்ஸ்அப்பில் தகவல்.

நூறு வருஷத்துக்கு முன்னால் நார்வேக்காரர்கள் நாலு குடும்பம் செங்கம் ரோட்டோரம் வீடு கட்டிக் குடியேறினார்கள். பனி வழுக்கி விழணும்னு செங்குத்தாகக் கூரை. குளிர்காயச் சுவருக்குள் அடுப்பு. நம்ம ஊரு வெயிலுக்கு! மூணு வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். தருமனின் தாத்தா காலத்திலிருந்து அவன் குடும்பம்தான் அதற்குக் காவல். குடியிருப்பதும் அங்கேயே.

"வள்ளி, அவ வீட்டை விக்கத்தான் வர்றா. புள்ளைங்கள இழுத்துக்கினு எங்க போறது?"

"அழுதா ஆச்சா? எதையாச்சும் சொல்லித் துரத்துய்யா," என்றாள் பெண்டாட்டி.

இங்கிரிட் வந்தாள். பாண்டிச்சேரியில் தங்கித் தமிழ் படித்தவள். கொள்ளுப்பாட்டி வாழ்ந்த வீட்டை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஒவ்வொரு சுவராகத் தடவினாள்.

விலை போடுகிறாளோ? தருமன் குறுக்கே ஓடினான்.

"அம்மா, அந்த அடுப்பாண்ட போவாதீங்க!"

"ஏன்?"

"உங்க கொள்ளுப்பாட்டி அங்கதான் குந்திக்கினு இருக்காங்க."

இங்கிரிட் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான், தருமன் அவிழ்த்துவிட்டான். பட்டப்பகலில் அடுப்பு தானாக எரியுமாம். கிட்டப் போனால் கிழவி மெல்லத் திரும்பிப் பார்ப்பாளாம். கண் இருக்கிற இடத்தில் ரெண்டு ஓட்டையாம்.

"வீட்டை வாங்க வந்த மூணு பேரு ஜொரத்துல படுத்தாங்கம்மா. ஒருத்தன் எழுந்திருக்கவே இல்ல!"

அந்த நேரம் பார்த்து மலைக்காற்று புகைபோக்கிக்குள் புகுந்து 'ஊ...' என்று முனகியது. பொய் சொன்னவனுக்கே வேர்த்துக் கொட்டியது. வள்ளி அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

இங்கிரிட் முகத்தில் ரத்தமே இல்லை.

"குழந்தைங்களும் இங்கேதான் தூங்கறாங்களா?"

"வேற எங்கம்மா போவோம்?"

அவள் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

"மூணு தலைமுறையா காத்தீங்க. வீட்டை உங்க பேருக்கே எழுதிக் கொடுக்கத்தான் வந்தேன். பேய் இருக்கிற வீட்டைப் பிள்ளைகுட்டிக்காரங்களுக்கு எப்படிக் கொடுப்பேன்? இடிச்சிடச் சொல்றேன்."

தருமன் தடாலென்று காலில் விழுந்தான்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லம்மா! சும்மா சொன்னேன்!"

இங்கிரிட் குனிந்து அவனைத் தூக்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மறைக்காதீங்க தருமன். எங்க கொள்ளுப்பாட்டிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு பார்க்கறீங்க. எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!"

வெள்ளிக்கிழமை பொக்லைன் வருதாம். யார் சொன்னதுன்னு தருமன் கேட்டா, டீக்கடையில பேசிக்கினாங்கன்னு சொல்லிடுங்க. என் பேரு மட்டும் வேணாம்.